அதிபரின் மனைவிக்கு 500 பக்கமா? தயங்கித் திறந்தவர்களையும் உட்காரவைக்கும் 'அமெரிக்கன் வைஃப்'!

வாரம் ஒரு புத்தகம்

உயிரோடு இருக்கும் ஒருவரின் திருமண வாழ்க்கையை, அதுவும் படுக்கையறை வரைக்கும் போய், நாவலாக எழுதலாமா? அந்தக் கணவர் நாட்டின் அதிபராகப் பதவியில் இருக்கும்போதே அதை வெளியிடலாமா?

கர்டிஸ் சிட்டன்ஃபெல்ட் எழுதிய 'அமெரிக்கன் வைஃப்' நாவலைக் கையில் எடுக்கும் பலருக்கும் முதலில் எழும் கேள்வி இதுதான். கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். புத்தகமே உலகம் என்று வாழும் பள்ளி நூலகர் ஒருத்தி, பணமும் செல்வாக்கும் உள்ள அரசியல் குடும்பத்தின் விளையாட்டுப் பிள்ளையைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் ஒருநாள் அமெரிக்க அதிபராகிறான், போர் தொடுக்கிறான்.

யாருடைய கதை என்று ஊகிக்கப் பெரிய மூளை எதுவும் தேவையில்லை. ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷின் மனைவி லாரா புஷ்ஷின் வாழ்க்கையைத் தழுவி எழுதப்பட்டது இது. நாவல் வெளிவந்தது 2008 செப்டம்பரில். அப்போது புஷ்தான் அதிபர். அவருடைய குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு நடந்த அதே வாரத்தில் புத்தகம் கடைகளுக்கு வந்தது.

ஆசிரியரின் பெயரைப் பார்த்து ஆண் என்று நினைத்துவிட வேண்டாம். கர்டிஸ், 1975-ல் ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்த பெண் எழுத்தாளர். உறைவிடப் பள்ளி மாணவி ஒருத்தியின் கதையான 'பிரெப்' (2005) மூலம் பெயர் பெற்றவர். 'அமெரிக்கன் வைஃப்' அவருடைய மூன்றாவது நாவல்.

(கதையின் முக்கியமான திருப்பங்கள் சில கீழே வருகின்றன. எதுவும் தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு வரலாம்.)

மூன்று தயக்கங்கள்

இந்த நாவலைத் தள்ளிவைக்க மூன்று நல்ல காரணங்கள் உண்டு.

ஒன்று, இது கிசுகிசு மாதிரி தெரிகிறது. அரசியல்வாதிகளைப் பெயர் மாற்றி நாவலாக்குவது அமெரிக்காவில் புதிதல்ல. பில் கிளிண்டனின் தேர்தல் பிரசாரத்தை நினைவுபடுத்தும் 'பிரைமரி கலர்ஸ்' 1996-ல் ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. எழுதியவர் பத்திரிகையாளர் ஜோ க்ளைன் என்பது சில மாதங்கள் கழித்தே உறுதியானது. ஆனால், அது பதவிக்குப் போட்டியிடும் ஒருவரைப் பற்றியது. லாரா புஷ் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லையே!

இரண்டு, அரசியல். 2003 மார்ச்சில் இராக் போரை புஷ் தொடங்கினார். போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. 2008-க்குள் அமெரிக்க வீரர்கள் மட்டுமே 4,000-க்கும் மேல் பலியாகியிருந்தனர். இராக்கியர்களின் உயிரிழப்பு அதைவிடப் பல மடங்கு. இந்த நிலையில், அந்தப் போரைத் தொடங்கியவரின் வீட்டம்மா நல்லவர் என்று சொல்ல 500 பக்கம் எதற்கு என்று புஷ்ஷைப் பிடிக்காதவர்கள் கேட்பார்கள். இது எங்கள் தலைவரை மட்டம்தட்ட எழுதிய புத்தகம்தானே என்று புஷ்ஷைப் பிடித்தவர்கள் சந்தேகப்படுவார்கள்.

மூன்று, முடிவு தெரிந்த கதை. அவர் அதிபராவார், போர் வரும், மனைவி அருகில் நின்று புன்னகைப்பார். இதில் அடுத்து என்ன என்ற ஆவல் எங்கிருந்து வரும்?

இந்த மூன்றில் ஒரு தயக்கம் முதல் நூறு பக்கங்களுக்குள் காணாமல் போகிறது. ஒன்று படிக்கப் படிக்க வேறு உருவம் எடுக்கிறது. இன்னொன்று கடைசிப் பக்கம்வரை கூடவே வருகிறது. நாவலைப் படிக்கும் சுவை இந்த மூன்றிலும் சேர்ந்துதான் இருக்கிறது.

ஒரு மாலை, ஒரு சந்திப்பு

முதலில் மறைவது மூன்றாவது தயக்கம்.

நாவல் நான்கு பாகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நான்குக்கும் தலைப்பு, கதாநாயகி வசித்த நான்கு வீடுகளின் முகவரி. கடைசி முகவரி உலகத்துக்கே தெரியும்: 1600 பென்சில்வேனியா அவென்யூ, அதாவது வெள்ளை மாளிகை. ஆனால் முதல் முகவரி, விஸ்கான்சின் மாநிலத்தில் ரைலி என்ற கற்பனைச் சிற்றூரில் ஒரு சாதாரணத் தெருவில் இருக்கிறது.

அந்த வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் அப்பா, அடக்கமான அம்மா, ஒரே மகள் ஆலிஸ் லிண்ட்கிரன். கூடவே பாட்டி எமிலி. சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத பாட்டி. சிகரெட்டும் கையுமாக நாவல் படிப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு. ஆலிஸுக்குப் புத்தகப் பைத்தியம் பிடித்ததே இந்தப் பாட்டியிடமிருந்துதான்.

ஆலிஸுக்கு 17 வயது. உடன் படிக்கும் ஆண்ட்ரூ மீது ஒரு பிரியம். அவனுக்கும் இருக்கிறது என்று தெரிகிறது. இருவரும் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு மாலை, விருந்துக்குக் கிளம்பி அவள் காரை ஓட்டிக்கொண்டு போகிறாள். சாலைச் சந்திப்பில் இன்னொரு காரோடு மோதுகிறாள். அந்தக் காரில் இருந்தவன் ஆண்ட்ரூ. அவன் பிழைக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இது கற்பனையா என்று தேடிப் பார்ப்பவர்கள் அதிகம். கற்பனை அல்ல. 1963 நவம்பர் 6-ம் தேதி, டெக்ஸாஸ் மாநிலத்தின் மிட்லண்ட் நகருக்கு வெளியே, லாரா வெல்ச் என்ற பெண் நிறுத்தக் குறியீட்டைக் கவனிக்காமல் காரை ஓட்டிச் சென்றார். மோதியதில் மற்றொரு காரை ஓட்டிவந்த பள்ளித் தோழர் இறந்தார். லாராவுக்கு 17 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. அந்த லாரா வெல்ச்தான் பின்னாளில் லாரா புஷ்.

நாவலின் முதல் பாகம் இந்த விபத்தை வைத்துப் பரபரப்பு காட்டுவதில்லை. விபத்துக்குப் பிறகு ஒரு பெண் எப்படித் தூங்கி எழுகிறாள், எப்படிப் பள்ளிக்குப் போகிறாள், ஊரில் யார் முகத்தை எப்படிப் பார்க்கிறாள் என்பதைச் சொல்கிறது. குற்ற உணர்ச்சி தாங்காமல் அவள் இறந்தவனின் அண்ணனிடம் போய் நிற்கிறாள். அது இன்னொரு சிக்கலில் கொண்டுவிடுகிறது. கர்ப்பமாகிறாள். அமெரிக்காவில் கருக்கலைப்பு பெரும்பாலும் சட்டவிரோதமாக இருந்த காலம் அது. பாட்டி எதையும் கேட்காமல் புரிந்துகொண்டு, சிகாகோவில் இருக்கும் தன் மருத்துவத் தோழியிடம் அழைத்துப் போகிறார். அந்தத் தோழிக்கும் பாட்டிக்கும் இருப்பது வெறும் நட்பல்ல என்பது ஆலிஸுக்கு ஏற்கெனவே தெரியும். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஆக, 18 வயது ஆவதற்குள் அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள் மூன்று ரகசியங்கள். ஒன்றுகூட வெளியே வரக் கூடாதவை. 'பேசாமல் இருப்பதுதான் பத்திரம்' என்ற பாடத்தை அவள் அரசியல்வாதியின் மனைவியான பிறகு கற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பல வருடம் முன்பே, தன் சொந்த வீட்டில் கற்றுவிட்டாள்.

இதைப் படித்து முடிக்கும்போது, அவள் யாருக்கு மனைவியாகப் போகிறாள் என்பதே மறந்துபோகிறது. இவள் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்ற கவலைதான் பக்கத்தைப் புரட்டவைக்கிறது.

சிரிக்கவைக்கும் சார்லி

அடுத்து இரண்டாவது தயக்கம். புஷ்ஷைப் பிடிக்காதவர்களுக்கு நாவலில் மிகவும் சங்கடமான ஆள், சார்லி பிளாக்வெல்.

1977. ஆலிஸுக்கு 31 வயது. மேடிசன் நகரில் பள்ளி நூலகர். கோடை விடுமுறையில் காகிதக்கூழில் கதைப் பாத்திரங்களைப் பொம்மையாகச் செய்து நூலகத்தை அலங்கரிக்கிற ரகம். தன் சம்பாத்தியத்தில் சொந்தமாக ஒரு வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நண்பர் வீட்டு விருந்தில் சார்லியைச் சந்திக்கிறாள். முன்னாள் ஆளுநரின் மகன். இறைச்சி வியாபாரத்தில் கொழித்த குடும்பம். சார்லிக்கென்று உருப்படியான வேலை எதுவும் இல்லை. அவளுடைய உயிர்த்தோழி டீனாவுக்கு சார்லி மீது ஒரு கண். ஆனால் சார்லிக்குப் பிடித்தது ஆலிஸை. சில வாரங்களிலேயே கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. வீடு வாங்கும் திட்டம் போகிறது. தோழியின் நட்பும் போகிறது.

நிஜத்திலும் லாராவும் புஷ்ஷும் 1977-ல் நண்பர் வீட்டு விருந்து ஒன்றில்தான் சந்தித்தார்கள். மூன்றே மாதத்தில், நவம்பர் 5 அன்று கல்யாணம்.

சார்லி எந்த நேரமும் வேடிக்கை பேசுவான். நாகரிகமில்லாத ஜோக் அடிப்பான். இருட்டு என்றால் பயம். மனைவி பக்கத்தில் இருந்தால்தான் நிம்மதி. தன்னைப் பற்றிப் பெரிதாக எந்தக் கற்பனையும் இல்லை. அதே சமயம், அப்பா பேரைச் சொல்லும்படி ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற அரிப்பு மட்டும் உண்டு. ஆலிஸை அவன் உண்மையாகவே நேசிக்கிறான். எப்போதும் அளந்து பேசும், அடக்கி வாசிக்கும் ஒரு பெண்ணுக்கு, இப்படி வாய்விட்டுச் சிரிக்கவைக்கிற ஆள் ஏன் தேவைப்பட்டான் என்பதை சிட்டன்ஃபெல்ட் மிக அழகாகச் சொல்லியிருக்கிறார்.

படிக்கிறவர்களுக்கும் சார்லியைப் பிடித்துவிடுகிறது. அதுதான் சங்கடம். பின்னால் இவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரிந்தும் பிடிக்கிறது. 'இவனைப் போய் எப்படிக் கட்டிக்கொண்டாள்?' என்ற கேள்வியோடு வந்தவர்கள், 'கட்டிக்கொள்ளாமல் எப்படி இருந்திருப்பாள்?' என்று கேட்கத் தொடங்குகிறார்கள். நாவல் சாமர்த்தியமாக வாசகரையும் அந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்துவிடுகிறது.

மாமியார் வீடு

குடும்பக் கதை விரும்புகிறவர்களுக்கு நாவலின் விருந்தே பிளாக்வெல் குடும்பம்தான். மாமியாரைப் பிள்ளைகள் அழைக்கும் செல்லப் பெயர் 'மேஜ்'. 'ஹர் மெஜஸ்டி' என்பதன் சுருக்கம். மகாராணி என்று நேரடியாகவே வைத்துவிட்டார்கள்!

கோடையில் குடும்பம் முழுவதும் ஏரிக்கரையில் இருக்கும் 'ஹால்சியன்' என்ற பண்ணைக்குப் போகும். பணக்கார வீட்டு விடுமுறை பங்களா என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் போகிறாள் ஆலிஸ். அங்கே பழைய மரவீடுகள்தான் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் பொதுவாக ஒரே குளியலறை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது புரியவே இல்லை. பரம்பரைப் பணக்காரர்களுக்கு வசதிக்குறைவுகூட ஒரு பெருமைதான் என்பதை அவள் மெல்லப் புரிந்துகொள்கிறாள்.

அந்த வீட்டில் பல வருடமாக வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி மிஸ் ரூபி. அவருடைய குடும்பத்தோடு ஆலிஸ் கொஞ்சம் சகஜமாகப் பழகுகிறாள். மாமியார் வீட்டுக்கு அது உறுத்துகிறது. சத்தமாக யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில் காற்றே மாறிவிடுகிறது. மருமகளாகப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காற்று தெரியும்.

அவள் திரும்பிப் போகாமல் இருந்திருந்தால்?

மூன்றாவது பாகம் 1988-ல் நடக்கிறது. சார்லிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. குடும்ப நிறுவனத்தில் ஒப்புக்கு ஒரு வேலை. குடி கூடிக்கொண்டே போகிறது. ஒருநாள் பொறுக்க முடியாமல், மகள் எல்லாவை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள் ஆலிஸ். சார்லி ஆடிப்போகிறான். மதத்தின் பக்கம் திரும்புகிறான். குடியை விடுகிறான். நண்பர்களோடு சேர்ந்து பேஸ்பால் அணி ஒன்றை வாங்குகிறான். மக்களுக்கு முகம் தெரிகிறது. பிறகு ஆளுநர். பிறகு அதிபர்.

நிஜத்தின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். புஷ் 1986-ல், 40 வயதில், குடியை விட்டார். 1989-ல் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியைக் கூட்டாக வாங்கினார். 1994 தேர்தலில் ஆளுநர். 2000 தேர்தலில் அதிபர்.

இங்கேதான் அந்த அரசியல் தயக்கம் வேறு உருவம் எடுக்கிறது. குடிகாரக் கணவனைத் திருத்திய மனைவியை எல்லோரும் பாராட்டுவார்கள். ஆலிஸ் செய்தது அதைத்தான். ஆனால் சார்லி குடித்துக்கொண்டே இருந்திருந்தால், இறைச்சி நிறுவனத்தின் ஒரு மூலையோடு அவன் கதை முடிந்திருக்கும். திருந்தியதால்தான் அதிபரானான். அதிபரானதால்தான் போர் வந்தது. ஒரு நல்ல மனைவி செய்த நல்ல காரியத்தின் விலையை, வேறு யாருடைய பிள்ளைகளோ போர்க்களத்தில் கொடுத்தார்கள். இதற்கு அவள் பொறுப்பா?

இந்தக் கேள்விக்கு நாவல் தீர்ப்பு எழுதவில்லை. 'பாவம் அந்தம்மா, அவருக்கு என்ன தெரியும்' என்றும் கைகழுவவில்லை. ஆலிஸுக்கு எல்லாம் தெரியும். தினமும் பத்திரிகை படிக்கிறவள். கணவனின் கொள்கைகள் பலவற்றில் அவளுக்கு உடன்பாடு இல்லை. இரவில் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அவள் விழித்துக்கொண்டு கிடக்கிறாள்.

கவிஞர்கள் வராத வெள்ளை மாளிகை

நிஜமான லாரா புஷ்ஷின் வாழ்க்கையிலும் இந்த முரண் உண்டு. தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' தனக்கு மிகப் பிடித்த நாவல் என்று சொன்னவர் அவர். ஆசிரியராகவும் பள்ளி நூலகராகவும் வேலை பார்த்தவர். நாடாளுமன்ற நூலகத்தோடு சேர்ந்து தேசியப் புத்தகத் திருவிழாவைத் தொடங்கிவைத்தார். முதல் திருவிழா நடந்த நாள் 2001 செப்டம்பர் 8. அடுத்த மூன்றாம் நாள் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அதன் பின் அவர் கணவரின் ஆட்சியே போர்க்கால ஆட்சியாகிவிட்டது.

2003 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் ஒரு கவிதை அரங்கத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார் லாரா. வால்ட் விட்மன், எமிலி டிக்கின்சன், லாங்ஸ்டன் ஹியூஸ் ஆகிய மூன்று கவிஞர்களைக் கொண்டாடும் நிகழ்ச்சி. அழைக்கப்பட்டிருந்த கவிஞர் சாம் ஹாமில், வரப்போகும் போரைக் கண்டித்துக் கவிதைகள் அனுப்பும்படி சக கவிஞர்களைக் கேட்டுக்கொண்டார். கவிதைகள் குவிந்தன. விஷயம் தெரிந்ததும் வெள்ளை மாளிகை நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தது. அடுத்த மாதம் போர் தொடங்கியது.

புத்தகங்களை நேசிக்கிற ஒருவரின் வீட்டுக்குக் கவிஞர்களே வர மறுக்கும் நிலை. இதைவிடப் பெரிய நாடகத்தை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

சிட்டன்ஃபெல்ட்டை இழுத்ததும் இந்த முரண்தான். அவர் புஷ்ஷின் அரசியலுக்கு நேர் எதிரான பக்கத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் 2004-ல் 'சலோன்' இணைய இதழில், லாரா புஷ்ஷைத் தனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகையாளர் ஆன் கெர்ஹார்ட் எழுதிய லாராவின் வாழ்க்கை வரலாறு நாவலுக்குத் துணையாக இருந்தது. பிடிக்காத ஒருவரின் மனைவியைப் பிடித்திருக்கிறதே என்ற குழப்பத்தை ஆசிரியர் மறைக்கவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் ஆலிஸே பிறந்தாள்.

சொல்லாமல் விட்ட வார்த்தைகள்

கடைசிப் பாகத்தில், போரில் மகனை இழந்த எட்கர் ஃபிராங்க்ளின் என்ற தந்தை, அதிபரைப் பார்த்தே தீருவேன் என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார். படித்தவுடன் சிண்டி ஷீஹன் நினைவுக்கு வருவார். இராக்கில் மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய், 2005 ஆகஸ்ட்டில் டெக்ஸாஸின் கிராஃபோர்டில் உள்ள புஷ்ஷின் பண்ணைக்கு வெளியே முகாமிட்டுக் காத்திருந்தார். புஷ் அந்த முறை அவரைச் சந்திக்கவில்லை.

நாவலில் அதிபர் போகவில்லை. ஆலிஸ் போகிறாள். ஒரு மகனின் சாவுக்குத் தானே காரணமாக இருந்த அந்த 17 வயதுப் பெண்ணுக்கு, மகனை இழந்த தகப்பனின் முகம் புதிதல்லவே! முதல் பாகத்தின் விபத்தும் கடைசிப் பாகத்தின் போரும் சந்திக்கிற இடம் இது. அவர் கேட்பது நியாயம்தான் என்று அவள் வாய்திறந்து சொல்கிறாள். பல வருட மௌனத்துக்குப் பிறகு வரும் சில வாக்கியங்கள். அவ்வளவுதான். போர் நிற்கவில்லை. ஆனால் வீட்டில் கணவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முடிவில் இன்னொரு ரகசியமும் வெளிவருகிறது. தேர்தலில் அவள் தன் கணவனுக்கு வாக்களிக்கவில்லை. தான் அவனுக்குக் கொடுத்தது கழுத்தை மட்டும்தான், ஆட்சியைக் கொடுத்தது நாட்டு மக்கள் என்கிற ஒரு நியாயமும் அவளிடம் இருக்கிறது. இதைக் கேட்டு 'சரியாகச் சொன்னாள்' என்று சிலர் சொல்வார்கள். 'நல்ல தப்பித்தல்' என்று சிலர் சொல்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்தால் சண்டை நிச்சயம்.

நிஜ லாரா முழுக்க மௌனமாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. 2001 நவம்பரில் அதிபரின் வாராந்திர வானொலி உரையைத் தனியாக நிகழ்த்திய முதல் அதிபர் மனைவி அவர்தான். ஆப்கானிஸ்தான் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசினார். கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்யக் கூடாது என்று 2001 ஜனவரியிலேயே தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். கணவரின் நிலைப்பாடு அதற்கு நேர் எதிர். சொன்னார், பிறகு அமைதியாகிவிட்டார். கணவர் பதவியை விட்டு இறங்கிய பிறகு, 2010-ல், அதை மறுபடியும் வெளிப்படையாகப் பேசினார்.

தீராத ஒரு நெருடல்

சரி, அந்த முதல் தயக்கம் என்ன ஆயிற்று? அது தீரவில்லை. தீர வேண்டிய அவசியமும் இல்லை.

விபத்து நிஜம். ஆனால் கருக்கலைப்பும் பாட்டியின் ரகசிய உறவும் முழுக் கற்பனை. நிஜமான விபத்தைத் தெரிந்துகொண்ட வாசகர், கற்பனையையும் நிஜம் என்று நம்பிவிட வாய்ப்புண்டு. ஊர் மாறியிருக்கிறது, எண்ணெய்க்குப் பதில் இறைச்சி, இரட்டைப் பெண்களுக்குப் பதில் ஒரே பெண் என்று ஆசிரியர் எவ்வளவு மாற்றினாலும், படிக்கிறவர் மனதில் லாராவின் முகம்தான் வருகிறது. இறந்துபோன பையனுக்கும் குடும்பம் இருந்தது. அவர்களுடைய துக்கமும் ஒரு கதைக்குத் தீனியாகிவிட்டது. எவ்வளவு நல்ல நாவல் என்றாலும் இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் கிடையாது.

2010-ல் லாரா புஷ் 'ஸ்போக்கன் ஃப்ரம் தி ஹார்ட்' என்ற தன் வாழ்க்கைக் கதையை வெளியிட்டார். அந்த விபத்தைப் பற்றி அதில் விரிவாக எழுதினார். குற்ற உணர்ச்சி வாழ்நாள் முழுக்க உடன் வருவதையும், பல வருடம் கடவுள் நம்பிக்கையே போயிருந்ததையும் சொன்னார். நாவலையும் இதையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்ல அனுபவம். சம்பந்தப்பட்டவர் தன் வாயால் சொல்லும்போது ஒரு எல்லை வரைதான் வருகிறார். நாவல் அந்த எல்லையைத் தாண்டுகிறது. தாண்டியது சரியா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாவலிலும் குறை உண்டு. முதல் மூன்று பாகங்களில் இருக்கும் உயிர், வெள்ளை மாளிகைப் பாகத்தில் குறைகிறது. ஆளுநர் தேர்தல், அதிபர் தேர்தல் எல்லாம் பழைய நினைவாக அவசர அவசரமாகச் சொல்லப்படுகின்றன. சம்பவங்கள் நடப்பதைவிட, ஆலிஸ் தன்னைப் பற்றி விளக்கம் கொடுப்பது அதிகமாகிவிடுகிறது. அரசியல் உள்குத்துகளை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள்.

யார் படிக்கலாம்?

அரசியல் பிடிக்காதவர்கள் தாராளமாகப் படிக்கலாம். நாவலில் முக்கால்வாசி ஒரு பெண், அவள் பாட்டி, அவள் தோழி, அவள் கணவன், அவள் மாமியார். ஆங்கிலம் எளிமையானது, அகராதியை அடிக்கடி தேட வேண்டியதில்லை. மின்புத்தகமாகவும் ஒலிப்புத்தகமாகவும் கிடைக்கிறது. தாம்பத்திய விஷயங்கள் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல.

பிடித்துப்போனால், இதே ஆசிரியர் 2020-ல் எழுதிய 'ராடம்' அடுத்துக் காத்திருக்கிறது. ஹிலாரி, பில் கிளிண்டனைக் கல்யாணமே செய்துகொள்ளாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்ற கற்பனை அது. கல்யாணம் ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று ஒரு நாவலில் கேட்டவர், அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் எங்கே நிற்பாள் என்று இன்னொன்றில் கேட்கிறார்.

'அமெரிக்கன் வைஃப்' படித்து முடித்தவர்களுக்கு லாரா புஷ் மீது மரியாதை வரலாம், வராமலும் போகலாம். ஆனால், வீட்டில் பிடிக்காத ஒரு பேச்சு வரும்போது, சண்டை வேண்டாமே என்று பேசாமல் எழுந்து தட்டைக் கழுவப் போன நாள்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த நாள்களை இந்த நாவல் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கு அதிபரின் மனைவியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.